மல்லசமுத்திரத்தில் ஒரு டெலிவரி

என்ன வேலை செய்கிறோம் என்று ஒரே வரியில் சொல்லத் தெரியாதவன் பெண் பார்க்கப் போகக் கூடாது. நான் போனேன்.

எனக்கு சேலத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை. நோய் தீர்க்கும் மரபணுவை அப்படியே விட்டால் செல்லுக்குள் போய்ச் சேராது, வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துகள்களில் பொதிந்து உள்ளே அனுப்புவோம். இதற்கு ஜீன் டெலிவரி என்று பெயர். (மனிதர்கள் பக்கமே போனதில்லை, எல்லாம் தட்டில் வளரும் செல்களோடு சரி.) நான் முனைவர் பட்டம் வேறு வாங்கியிருந்தேனா, தரகர் இத்தனையையும் சுருக்கி, ‘டெலிவரி பார்க்கிற டாக்டர்’ என்று மல்லசமுத்திரத்தில் சொல்லிவைத்துவிட்டார்.

பெண் வீட்டில் மரியாதை பலமாக இருந்தது. பெண்ணின் அப்பா, டெலிவரியெல்லாம் நல்லபடியாக ஆகிறதா என்று விசாரித்தார்.

“பாதி பொழச்சாலே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்ங்க” என்றேன். துகள் கொஞ்சம் கூடினாலும் செல்கள் செத்துவிடும் என்பதைத்தான் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த, பெண்ணின் அக்காவுக்கு வலி எடுத்தது. உள்ளேயிருந்து அவர்கள் அம்மா ஓடிவந்தார்.

“டாக்டர் தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க சாமி.”

அப்பா கதவை மறித்து நின்றார். “அவரு மட்டும் வேண்டாம்.”

ஒருவழியாக, நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வாசலில் என் கார்தான் நின்றது. நான் அதில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். நான் பார்க்க வந்த பெண், யமுனா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சாவிக்கொத்தை வாங்கினாள்.

“நீங்க பின்னால ஒக்காந்து அக்கா கையப் புடிச்சுக்கங்க.”

திருச்செங்கோடு போகும் வரை அக்கா என் விரல்களை நெரித்தார். அவரை விட நான்தான் அதிகம் முனகினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கண் இருண்டது.

அக்காவுக்காக வந்த ஸ்ட்ரெச்சரில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். அவர் நடந்தே உள்ளே போய்ப் பெண் குழந்தை பெற்றார்.

இத்தனைக்குப் பிறகும் யமுனா என்னையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். (ஏன் என்று இன்றுவரை கேட்கத் தைரியமில்லை.) அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “நான் பொறந்தப்ப எங்கம்மா நல்லாத்தான் இருந்தாங்களாம். சித்தப்பாவத்தான் காப்பாத்த வேண்டியதாப் போச்சுங்களாம்” என்கிறாள்.