சுலைகா ஏறிய மரக்குதிரை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எப்படித்தான் முடிகிறதோ! என் அத்தாவின் அண்ணனான பெரியத்தாவின் மகள் சுலைகா, கம்பம் ஊரில் என் தெருவிலேயே குடியிருக்கும்வரை எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்காது.

காரணம் ஒரு மரக்குதிரை. எங்கள் சின்ன வயதில், பறக்கும் குதிரைக் கதையை டி.வி. தொடராக எடுக்க மேகமலைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். ஏலக்காய் வியாபாரியான என் அத்தா எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றி வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போனார். டைரக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். சுலைகாவைக் குதிரைமேல் ஏற்றி இளவரசி ஆக்கிவிட்டார். என்னைக் கூட்டத்தில் நின்று கையாட்டச் சொன்னார். (இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த பாவாடை! அவளுக்கு முன்பல் வேறு விழுந்திருந்தது!) அப்புறம் அங்கே நடந்ததை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

தொடர் ஒளிபரப்பான அன்று ஆடிக்காற்று எங்கள் ஊர் ஆன்டெனாக்களையெல்லாம் திருப்பிப் போட்டது. திரையில் வெறும் புள்ளிகள். யாருமே பார்க்கவில்லை. அதிலிருந்து சுலைகா, "நான் டி.வி.யில இளவரசியா வந்தேன்" என்பாள். நான், "முதுகை மட்டுந்தான் காட்டுனாக" என்பேன். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை.

போன பெருநாளைக்கு, என் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் உத்தமபாளையத்திலிருந்து விருந்துக்கு வந்தார்கள். பிரியாணி ஆக்கியது நான். கதை சொன்னது சுலைகா. சம்பந்தியம்மா தட்டை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

யாரோ புண்ணியவான் அந்தத் தொடரை இணையத்தில் ஏற்றியிருப்பதாக மகன் சொல்லியிருந்தான்.

"போட்றா டி.வி.யில! முதுகா மூஞ்சியான்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

"வேணாம்டி, விட்ரு" என்றாள் சுலைகா. பயந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே குஷி.

வந்தது மூஞ்சிதான். திரை நிறைய. பாவி மக, ஓட்டைப் பல்லோடும் அழகாக இருந்தாள்! கயிற்றில் குதிரை எழும்பியது. ஊரே கையாட்டியது. ஒருத்தி மட்டும் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு கையைக் கட்டி நின்றாள். பிறகு ஓடிவந்து இளவரசியின் பாவாடையைப் பிடித்துத் தொங்கினாள். பின்னணிக் குரல் உருகியது: "இளவரசியைப் பிரிய மனமில்லாமல் ஒரு சிறுமி கதறி அழுதாள்..."

"யாத்தே, எம்புட்டுப் பாசம்!" சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு அந்தப் புள்ள?"

நான் அடுப்படிக்கு நழுவப் பார்த்தேன்.

"இந்தா, இவதான்" என்றார் என் வீட்டுக்காரர். "அந்த மூக்கைப் பாத்தாத் தெரியலையா?"

பாசம் என்றே விட்டிருக்கலாம். சுலைகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாசமா? 'எறங்குடி, நான் ஏறணும்'னு கத்துனா! அதான் வேணாம்னு சொன்னேன், கேட்டாளா?"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. வருங்கால மருமகள் உட்பட. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும், "எறங்குடி, நான் ஏறணும்" என்று ஒரு குரல் வந்துவிடும்.

போன மாதம் கல்யாணம். மணமக்கள் பூ வைத்த காரில் ஏறினார்கள். வழியனுப்பத்தான் கதவுப் பக்கம் போனேன். சத்தியமாக! மருமகள் தலையை நீட்டி, சிரிக்காமல் சொன்னாள்: "மாமி, ஏறிக்கங்க. இடமிருக்கு."

ஏறிவிட்டேன். கூட்டத்தில் நின்ற சுலைகாவைக் கையாட்டச் சொன்னேன்.