அத்தை சொன்ன பின்பாரம்

என் மாமியார் என்னிடம் நேருக்கு நேர் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான். அப்படியொரு நாளை வரவழைத்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் மாமியார், மாப்பிள்ளை முகம் பார்த்துப் பேசமாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மகளிடம், "மாப்பிள்ளைட்ட சொல்லு" என்பார். அத்தை அதில் ரொம்பக் கண்டிப்பு. இத்தனைக்கும் மாமா காலமானபின் புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடையைத் தனி ஆளாக நடத்தியவர். லாரி டிரைவர்கள், மலையாள வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரையும் ஒரே அதட்டில் நிறுத்துவார். (அந்தக் குரல் சந்தை முழுக்கக் கேட்கும். எனக்கு மட்டும் கதவு வழியாகத்தான்.)

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் நான் ஒரு பழைய பிக்கப் வேன் வைத்திருந்தேன். யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் விழுந்து, நாலு கை மாறி என்னிடம் வந்தது. கூடவே இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. பாரம் ஏற்றி டிரெய்லரை மாட்டினால் வேனின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். உள்ளூரில் செங்கல், மணல் என்று ஓட்டிக்கொண்டு சிவனே என்று இருந்திருக்கலாம்.

அந்தச் சீசனில் அத்தையின் வழக்கமான லாரி படுத்துவிட்டது. மலைக்கு மேலே ஆரியங்காவில் ஒரு புது வியாபாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்துக்கு அத்தை அனுப்பும் முதல் சரக்கு. நேரம் தப்பினால் காயும் சாரலில் அழுகும், கொடுத்த வாக்கும் போகும்.

"ஏட்டி கோமதி, மாப்பிள்ளைட்ட கேளு, அந்த வண்டி மலை ஏறுமான்னு."

"லாரியே தோத்துப்போகும்னு சொல்லு," என்றேன் என் மனைவியிடம். (என் வாய்க்கு அப்போது பிரேக் கிடையாது.)

அடித்துப் பிடித்து ஞானமுத்து அண்ணாச்சியின் பட்டறைக்கு ஓடினேன். பின் அச்சின்மேல் பாரத்தைத் தாங்க, வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பார்களே, அந்தக் கமான் பட்டையைக் கூட்ட வேண்டும் என்றேன்.

"ரெண்டு கூட்டினாப் போதும்வே."

"நாலு போடுங்க அண்ணாச்சி!"

"நாலு போட்டா வெறும் வண்டி தவளை மாதிரி குதிக்கும். பின்னால நல்லாப் பாரம் ஏத்தித்தான் ஓட்டணும், பாத்துக்கிடும்."

நான் எங்கே பார்த்தேன்? பட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிப் பட்டைகள்! வேனின் பின்பக்கம் ஒரு முழம் உயர்ந்து, முன்பக்கம் தரையில் எதையோ தேடுகிறமாதிரி குனிந்து நின்றது. அந்த அழகில் சொக்கிப்போனேன்.

சொக்கியவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை காலை புளியங்குடியில் மூட்டை ஏற்றும்போது, வேனுக்குள் ஒரு மூட்டைகூட வைக்கவிடவில்லை. இருபது மூட்டையும் டிரெய்லரில்தான். அதிலும் முன்னால் வைத்தால் கொக்கி வழியாக என் புதுப் பட்டைகள்மேல் பாரம் இறங்குமே என்று, எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்பக்கமாகத் தள்ளி அடுக்கச் சொன்னேன். புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு முள்ளில் நடக்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வியாபாரியைப் பார்க்க அத்தையும் வந்தார். நான், நடுவில் கோமதி, ஜன்னலோரம் அத்தை. முகம் வெளிப்பக்கம்.

"மாப்பிள்ளைட்ட சொல்லு, பின்பாரமா இருக்கு."

அத்தை பிறந்தது ராயகிரியில் வண்டி மாடு கட்டிய வீட்டில். இரண்டு சக்கர வண்டியில் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பது அவருக்குப் பாவாடை கட்டிய வயதிலேயே தெரியும்.

"இது மாட்டுவண்டி இல்லேன்னு சொல்லு."

கோமதி இரண்டு பக்கமும் எதையும் சொல்லவில்லை. ஒரு சாண் தூரத்தில் எல்லாருக்கும் எல்லாமே கேட்டது.

பள்ளத்துக்குப் பள்ளம் வேன் குதித்தது. கூரையில் அத்தையின் தலை நாலு தடவை இடித்தது. பின்னால் டிரெய்லர் மாட்டு வாலாக ஆடியது. தென்காசியில் பட்டறையைத் தாண்டும்போது ஞானமுத்து அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாழ்த்துகிறார் என்று நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

புளியறை தாண்டி மலை ஏற ஆரம்பித்தபோது நல்ல சாரல். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. என்ஜின் கதறுகிறது, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. டிரெய்லர் வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்க, அதோடு என் வேனின் பின்பக்கமும் மேலே போனது. கயிறு அறுந்து ஒரு மூட்டை விழுந்து பிரிந்தது. எலுமிச்சங்காய்கள் புளியறையைப் பார்த்து உருண்டு ஓடின.

"ஏலே, காய் ஓடுதுலே!" என்று கீழே டீக்கடையிலிருந்து துண்டை விரித்துக்கொண்டு நாலைந்து பேர் ஓடிவந்தார்கள்.

நான் இன்னும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓரடி பின்னால் வழுக்கியது. கோமதி, "ஐயோ!" என்று அலறினாள். அந்தப் பக்கக் கதவு திறந்தது. இறங்கிப்போன அத்தை சக்கரத்துக்குக் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, சுற்றிவந்து என் ஜன்னலருகே நின்றார். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, எறங்குங்க."

இறங்கினேன். வேறென்ன செய்ய?

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை போட்ட அதட்டில், காய் பொறுக்க வந்தவர்களே மூட்டை தூக்குகிறவர்களாக மாறினார்கள். மூட்டைகளில் பாதி வேனுக்குள் வந்தது. மீதி டிரெய்லரில் முன்பாரமாக ஏறியது. அப்படியும் திருப்தி இல்லாமல், அத்தையே வேனின் திறந்த பின்தட்டில் ஏறி மூட்டைகளின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நல்ல கனத்த சரீரம்.

"இப்ப எடுங்க!"

எடுத்தேன். நாலு பட்டையும் அன்றுதான் முதன்முதலாக வளைந்து வேலை பார்த்தன. சக்கரம் தரையைக் கவ்வியது. சாரலில் நனைந்தபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, அத்தை வளைவுக்கு வளைவு அசையாமல் வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன மனுஷி! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் கோமதியைவிட எனக்கு அத்தையைத்தான் பிடித்திருந்தது.

வியாபாரி புறப்படுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். "ஒரு மூட்டை உருண்டு போச்சு, அடுத்த தடவை சேத்துத் தாரேன்" என்று அத்தை அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். திரும்பும்போது பழையபடி ஜன்னலோரம், முகம் வெளிப்பக்கம். செங்கோட்டை வந்ததும் ஜன்னலைப் பார்த்தே சொன்னார்.

"மாப்பிள்ளைட்ட சொல்லு, சீசன் முழுக்க நம்ம சரக்கு இந்த வண்டியிலதான். வண்டி நல்ல வண்டி."

"ஓட்டுதவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீக," என்றாள்.

அத்தை இருந்தவரை மறுபடி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. விசேஷ வீட்டில் நான் கொஞ்சம் அளக்க ஆரம்பித்தால் போதும், பேரப்பிள்ளைகள்கூட, "மாப்ளே, எறங்குங்க!" என்று கத்தும். போன மாதம் என் மருமகன் புதுக் கார் வாங்கிவந்து அரைமணி நேரம் அதன் பெருமையை அளந்தான். கோமதி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மகளிடம் சத்தமாகச் சொன்னாள்:

"மாப்பிள்ளைட்ட சொல்லு, பின்பாரமா இருக்கு."