ஆறடிப் பேச்சாளர்கள் இருவர்

தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றை எழுத நினைக்கும் எவரும் இனிமேல் எங்கள் மலேசியச் சிற்றூரான சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டிப் போக முடியாது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தினமும் தாண்டித்தான் போகிறார்கள்; அது வேறு. எங்கள் சொல்வளர் மன்றத்தின் மேடையில் ஏறிய அந்த இருவரைப் போல நேர்மையாகப் பேசியவர்கள் இதுவரை பிறந்ததில்லை. அவர்களும் பிறந்தவர்கள் அல்ல; தயாரிக்கப்பட்டவர்கள். மன்றச் செயலாளர் குணாளன் என்ற முறையில் இதைப் பதிவு செய்வது என் கடமை.

மேற்படிப் பேச்சாளர்கள் வசித்தது என் நண்பர் ஹேமநாதன் வீட்டு ஹாலில். ஆளுக்கு ஆறடி உயரம், இரண்டடி அகலம், இரண்டே அங்குலக் கனம். வீடு தெரியாமல் வந்துவிட்ட இரண்டு கதவுகள் மாதிரி நிற்பார்கள். பேனல் ஸ்பீக்கர்கள்! மற்ற ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்து கத்தும். இவர்களுக்குப் பெட்டியே கிடையாது. ஓட்டைத் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் அதிரும். பாட்டு முன்னாலும் வரும். அதே பாட்டு பின்னாலும் வரும்.

நன்மை என்னவென்றால், பாடகர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். தீமை, அதைக் கேட்க ஹாலிலேயே ஒரு நாற்காலிதான் சரியான இடம். தலையை ஒரு சாண் நகர்த்தினால் பாடகர் சமையலறைக்குப் போய்விடுவார். ஹேமநாதனின் மனைவி மலரால் அப்படிச் சுலபமாகப் போக முடியாது. பேச்சாளர்கள் சுவரைவிட்டு நாலடி தள்ளித்தான் நிற்பார்கள் என்பதால், சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தார்.

ஹேமநாதன் அவர்களை "அவங்க" என்பார். மலர் "அதுங்க" என்பார். ஐந்து மாதமாக அந்த வீட்டில் நடந்தது இலக்கணப் போர்.

"திங்கக்கிழமை பன்னெண்டு பிள்ளைங்க டியூஷனுக்கு வராங்க. அதுக்குள்ள அதுங்க ஹாலை விட்டுப் போயாகணும்" என்றார் மலர். வேலை பார்த்த பாலர் பள்ளியை மூடியதிலிருந்து அவர் காத்திருந்த வாய்ப்பு அது. வெள்ளைப் பலகைகூட வாங்கி, வைக்க இடமில்லாமல் குளியலறைக் கதவில் சாய்த்திருந்தார்.

"அவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க. உனக்கு என்ன பண்றாங்க?"

"நடு ஹால்ல நிக்குதுங்க! பிள்ளைங்கள எங்க உக்கார வைக்கிறது? ஃபேன்லயா?"

அதே வாரம் எங்கள் மன்றத்துக்கும் சோதனை. ஞாயிற்றுக்கிழமை மாபெரும் கலந்துரையாடல்; தலைவர் வாயில் "பேனல் டிஸ்கஷன்". தலைப்பு: "இல்லறத்தில் ஒளிவு மறைவு தேவையா?" கோலாலம்பூரிலிருந்து வரவேண்டிய பேச்சாளர்களில் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்னொருவருக்கு, நோட்டீஸில் பெயர் இரண்டாவதாக வந்ததில் மனமே கட்டிவிட்டது. இரும்புக்கடை உரிமையாளரும் எங்கள் தலைவருமான உலகப்பன் தலையில் கை வைத்திருந்தபோது, ஹேமநாதனிடமிருந்து போன். நானும் கேட்கத் தலைவர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"தலைவரே, எங்க வீட்டுல ரெண்டு பெரிய பேனல் ஸ்பீக்கர்ஸ் இருக்காங்க. மன்றத்துக்கு அனுப்பவா?"

தலைவரின் கண்கள் கலங்கின. "எந்த ஊரு தம்பி?"

"சிங்கப்பூர்லருந்து வந்தவங்க."

"நல்லா பேசுவாங்களா?"

"சுத்தமா இருக்கும். இல்லாதது ஒண்ணுகூட சேர்க்க மாட்டாங்க."

"அவங்களுக்கு என்ன வேணும்?"

"கரண்ட் இருந்தா போதும் தலைவரே."

"ஓ, கரண்ட் அஃபேர்ஸ், நாட்டு நடப்பு! நம்ம ஆளுங்களுக்கும் அதான் லா புடிக்கும். நல்ல சோபாவா போட்டுடறேன்."

"வேணாம், வேணாம். நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க."

"என்னா ஒரு அடக்கம்!" என்று தலைவர் என்னிடம் உருகினார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. தலைவரைத் திருத்த மன்றச் சட்டவிதியில் இடமில்லை.

ஒன்பது வாட்ஸ்அப் குழுக்களுக்கு நோட்டீஸ் போனது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டப வாசலில் லோரி வந்து நின்றது. மாலையோடு ஓடிய தலைவர், இறங்கியவர்களைப் பார்த்தார். அரை நிமிடம் பேச்சில்லை. மன்ற வரலாற்றில் அது தனிச் சாதனை.

"குணாளன், நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு?"

"இரு பெரும் பேனல் ஸ்பீக்கர்கள், தலைவரே."

"ரெண்டு இருக்கா?"

"இருக்கு."

"பெருசா இருக்கா?"

"ஆறடி."

"அப்ப தப்பு எங்க லா? பொன்னாடைய எடு!"

போர்த்தினோம். தோள் இல்லாததால் பொன்னாடை இரண்டு முறை வழுக்கி விழுந்தது. "தமிழுக்காக உழைத்து உழைத்து மெலிந்தவர்கள்" என்று நான் அறிமுகம் செய்தேன். நூற்றிருபது பேர் கைதட்டினார்கள். ஹேமநாதன் மன்றத்தின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, மைக்கை இவர்களோடு இணைத்தார். தலைவரின் சட்டைக் காலரில் கம்பியில்லாத ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்.

தலைவர் முழங்கினார். "நாளை டியூஷன் தொடங்கும் நம் மலரைப் போல ஒரு பெண்மணி வீட்டுக்கு வீடு வேண்டும்! அவருக்கு ஹாலையே திறந்துவிட்ட ஹேமநாதனைப் போல ஒரு கணவர் வேண்டும்!"

முன்வரிசையில் மலர், பன்னிரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் சூழ, முதன்முறையாக அந்த ஸ்பீக்கர்களைப் பார்த்துச் சிரித்தார்.

பேச்சு முடிந்ததும் தலைவர், ஹேமநாதன், நான் மூவரும் பேனல்களுக்குப் பின்னால் ஒதுங்கினோம். ஆறடி உயரம்; யாருக்குத் தெரியப் போகிறது?

"ரெண்டே வாரம் இங்க வச்சிருங்க தலைவரே" என்றார் ஹேமநாதன். "நாலு பிள்ளைங்ககூட நிலைக்காது. அவ ஆசை அடங்குனதும் இவங்கள மறுபடி ஹாலுக்குக் கொண்டுபோயிடறேன்."

"பொம்பளைங்க ஆசை பலூன் மாதிரி தம்பி. குத்தக்கூட வேணாம், தானா காத்து போயிடும்" என்றார் தலைவர்.

"ஆமாங்க தலைவரே" என்றேன் நான். அது செயலாளரின் கடமை.

எங்கள் குரல்கள் எங்களுக்கே பெரிதாகக் கேட்டன. "இந்த மண்டபத்துல எதிரொலி நல்லா இருக்கு, என்ன?" என்று தலைவர் ரசித்தார். அந்தப் பாராட்டும், காலரில் கழற்ற மறந்த மைக் வழியாக மண்டபம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

"இப்பதான் லா உண்மையா பேசுறாங்க!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே அதிரும் கைதட்டல்.

நிர்வாகக் குழு அங்கேயே அவசரமாகக் கூடி, மூன்று நிமிடத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: "மேற்படிப் பேச்சாளர்கள் முன்னால் பேசுவதையே பின்னாலும், பின்னால் பேசுவதையே முன்னாலும் பேசுகிறார்கள். இது மன்றத்தின் மரபுக்கு முற்றிலும் விரோதம். இவர்களுக்கு இனி மேடை கிடையாது."

தீர்மானத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் மலர் மேடையேறிவிட்டார். பின்னாலேயே பன்னிரண்டு அம்மாக்கள். பொன்னாடைகளை உருவி நாற்காலியில் போட்டார். தலைவரின் காலரிலிருந்து மைக்கைக் கழற்றி அவற்றின்மேல் வைத்தார்.

"குணாளன் அண்ணே, லோரிய வரச் சொல்லுங்க. அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வராங்க."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக "அவங்க"!

"டியூஷன்?" என்றார் ஹேமநாதன், எச்சில் விழுங்கியபடி. ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது.

"நாளைக்கு நடக்கும். அவங்க நடுவுல நிக்கட்டும். இந்தப் பக்கம் ஒண்ணாம் ஆண்டு, அந்தப் பக்கம் ஆறாம் ஆண்டு."

"அப்ப நான் எங்க...?"

மலர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அதுங்க மூணும் இங்கயே கிடக்கட்டும்ணே."

அம்மாக்கள் ஆளுக்கொரு மூலை பிடித்துப் பேச்சாளர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டக் குறிப்பில் "அதுங்க மூணும்" என்பதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். அந்த மூன்றும் எவை என்று தலைவர் இன்றுவரை கேட்கிறார். "ரெண்டு பொன்னாடை, ஒரு மைக், தலைவரே" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் நம்பிவிட்டார்.

அவரைத் திருத்தத்தான் சட்டவிதியில் இடமில்லையே.