கிரேடர் அக்காவும் பதினேழு சாரியும்

மலேசியாவில் எங்கள் ஊரான லாபிஸில் கிரேடர் அக்காவிடம் முழுதாக நல்ல பெயர் வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன்; கிடையாது.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. ஒரே செம்பனை எண்ணெய் ஆலையில் ஆறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தும் தெரியாது. நான் எடைமேடை கிளார்க். லாரி வந்தால் எடையைக் குறித்துக்கொண்டு உள்ளே அனுப்புவேன். உள்ளே, கொட்டிக் கிடக்கும் குலைகளுக்கு நடுவே மஞ்சள் ஹெல்மெட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு, கையில் இரும்புக் கொக்கியோடு அக்கா நிற்பார். எது பழம், எது காய், எது அழுகல் என்று பிரிப்பதுதான் கிரேடர் வேலை. காய்களை அடியில் ஒளித்துக்கொண்டு வரும் லாரிக்காரர்கள், அக்காவின் ஷிப்ட் என்று தெரிந்தால் எதிர்க் கடையில் நான்கு டீ குடித்தாவது அது முடியும்வரை காத்திருப்பார்கள். ஏனென்றால் குலை தரையில் விழும் சத்தத்தை வைத்தே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது காய். எடுத்து வெளிய போடு" என்பார்.

அந்தப் பழக்கத்தை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ஊருக்குப் பிரச்சினை இல்லை. ஒரு கல்யாணத்தில் மேடையேறி, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் மரத்துல விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்க வந்தார். "நல்ல வெயிட்டு. மூக்கு மட்டும் உன்னுது. பரவால்ல, வளர வளரச் சரியாயிடும்" என்றார். என் மாமியார் அன்றிலிருந்து அவருடைய ரசிகை.

மாலை நேரங்களில் நான் டவுன் கூடைப்பந்து மன்றத்தின் பெண்கள் அணிக்கு ஸ்கோர் எழுதுவேன். பள்ளியில் விளையாடியவள்தான். ஐந்தடிக்கு மேல் வளர்ச்சி நின்றுபோனதால் பந்தை விட்டுவிட்டுப் பென்சிலைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் அக்காவின் மோட்டார் சைக்கிள் ஆலை வாசலிலேயே படுத்துவிட்டது. என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, "பத்தே நிமிசம் கா, கோர்ட்டுல தலையக் காட்டிட்டுப் போயிடலாம்" என்றேன். அந்தப் பத்து நிமிடம் மூன்று மாதம் ஓடியது.

அன்றைக்குக் கோச் ஆ செங் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் பக்கத்தில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து திட்டக்கூடியவர். அவருடைய தலைவலிக்குப் பெயர் தர்ஷினி. பதினேழு வயது, ஆறடி ஒரு அங்குலம், பெக்கோக் சாலை எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். சூப்பர் மார்க்கெட்டில் மேல் தட்டிலிருந்த பால்மாவு டின்னை ஸ்டூல் இல்லாமல் எடுத்ததைப் பார்த்து, கோச் டின்னோடு சேர்த்து அவளையும் பிடித்து வந்துவிட்டார். சென்டர் ஆக்கிவிடலாம் என்று கனவு. சென்டர் என்றால் கூடைக்குக் கீழே மலைபோல நிற்கவேண்டும். எதிரி உள்ளே வந்தால் தடுக்கவேண்டும், நம் பந்து வந்தால் பிடித்துத் திரும்பிப் போடவேண்டும்.

தர்ஷினி மலைபோலத்தான் இருந்தாள். ஆனால் மன்னிப்புக் கேட்கும் மலை. யாராவது வந்து இவள்மேல் மோதினால் இவள் "சாரி" என்பாள். பந்தைத் தட்டிவிட்டால் சாரி. தப்பித் தவறிக் கூடையில் போட்டுவிட்டாலும் எதிரணியைப் பார்த்து சாரி. ஆறடி உடம்பை ஐந்தரை அடிக்குக் கூனிக்கொண்டு நிற்பாள்.

"ரா லா. டூ ரா. மூணு மாசத்துல குளுவாங்ல ஸ்டேட் மேட்ச். பன்னண்டு பேருதான் கூட்டிட்டுப் போக முடியும். இவள எடுக்க முடியாது" என்றார் கோச்.

பச்சைக் காய் என்று பொருள்படும் அந்த 'ரா' காதில் விழுந்ததும், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார்.

"யாரு காய்?"

விடுவிடுவென்று கோர்ட்டுக்குள் இறங்கி, பூட்ஸோடு தர்ஷினியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொக்கியை ஆலையிலேயே வைத்துவிட்டு வந்ததற்காக நான் மாரியம்மனுக்கு நன்றி சொன்னேன்.

"இது காய் இல்ல" என்றார். "வெளிய பாக்கத்தான் காய் மாதிரி. மூணு மாசம் இருக்குல்ல? நான் பாத்துச் சொல்றேன்."

"ஆன்ட்டிக்கு பாஸ்கெட்பால் தெரியுமா?" என்று கோச் கேட்டார்.

"தெரியாது. செம்பனை மரமும்தான் எனக்கு ஏறத் தெரியாது."

கோச் விசிலை ஊதி, பெண்களை மறுபடி ஓடவிட்டார்.

மறுநாளிலிருந்து அக்கா நோட்டும் பேனாவுமாக வரத் தொடங்கினார். நான் புள்ளிகளை எழுதினேன். அவர் என்னத்தை எழுதினார் என்று தெரியவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே 'சாரி' என்று எழுதி, கீழே 17, 16, 17 என்று வரிசையாகப் போட்டிருந்தார்.

"என்ன கா, பதினேழு சாரியா? ஜவுளிக்கடை போடப் போறீங்களா?"

"கட்டுற சாரி இல்லம்மா. கேக்குற சாரி" என்றார். "நீ எழுதுறியே பாயிண்டு, அது பந்து உள்ள போச்சா இல்லையான்னு சொல்லும். புள்ள எப்படி வளருதுன்னு சொல்லாது. இது சொல்லும்."

நான் சிரித்தேன். அடுத்த நாள் நானும் ரகசியமாக எண்ணினேன். பதினாறு. அக்காவின் கணக்கில் பதினேழு. "கம்பத்துல மோதிட்டு அதுகிட்டயும் ஒன்னு கேட்டா. நீ கவனிக்கல" என்றார்.

பதினேழு பதினாலு ஆனது. பதினாலு பதினொன்றானது. பிறகு பள்ளிப் பரீட்சை வந்து மறுபடி பதினைந்துக்கு ஏறியது. அன்று அக்கா என் ஸ்கூட்டரில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தார். அதுவரை யாரையும் குறை சொல்லாமல் அவர் ஒரு கிலோமீட்டர் கடந்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் சிகாமட்டில் ஒரு நட்பு ஆட்டம். நட்பு என்று பெயர்தான். எதிரணி சென்டர் முப்பது வயதுப் பெண். முழங்கையை ஒரு தனி ஆளாகவே விளையாட விட்டிருந்தார். அந்த முழங்கை தர்ஷினியின் விலாவில் இறங்கியது. தர்ஷினி வலியோடு குனிந்து, அந்த முழங்கையிடம், "சாரி" என்றாள்.

அடுத்த நொடி அக்கா கோர்ட்டுக்கு நடுவில் நின்றார்.

"யோவ் ரெஃப்ரி! விசில வாயில வச்சுக்கிட்டு என்ன, மிட்டாயா சாப்புடுற?"

ரெஃப்ரி கோச்சைப் பார்த்து, இந்த அம்மா உங்கள் அணியா என்று மலாயில் கேட்டார். கோச் தெரியாது என்றார். ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நானும் தெரியாது என்று தலையாட்டினேன்.

"ஏம்மா, உன் ஸ்கூட்டர்லதான வந்தேன்?" என்றார் அக்கா, அரங்கத்துக்கே கேட்கும்படி.

எங்கள் அணிக்குத் தண்டனை விழுந்தது. எதிரணிக்கு ஒரு இலவச வீச்சு கிடைத்தது. நாங்கள் தோற்றதும் சரியாக ஒரு புள்ளியில்.

கோச் அக்காவைக் கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். அக்கா அதை எழுத்துக்கு எழுத்து மதித்தார். மறுநாள் வேலிக்கு வெளியே ஒரு செம்பனை லாரி வந்து நின்றது. காலி லாரியின் மேலே, நோட்டோடு அக்கா. வாரம் இரண்டு முறை அவரிடம் திட்டு வாங்கும் டிரைவர் ஒருவர், இனிமேலாவது தன் குலைகளைக் கருணையோடு பார்ப்பார் என்று நம்பி லாரியைக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை அவருடைய லோடில் பாதி வெளியே போனது. "அலமாக், நேத்துதான ஏத்திட்டுப் போனேன்" என்று என் ஜன்னலில் வந்து புலம்பினார். சாயங்காலம் லாரியும் வந்தது, அக்காவும் வந்தார். அக்காவிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

ஒருநாள் பயிற்சி முடிந்து, தர்ஷினி வேலியோரம் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா லாரியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன்டி, எதுக்குடி எல்லாத்துக்கும் சாரி?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அஞ்சாம் வகுப்புலருந்து அப்படித்தான் கா. கிளாஸ்ல உக்காந்தா பின்னாடி உள்ளவங்க மறைக்குதுன்னு சொல்லுவாங்க. கோயில்ல நின்னா மறைக்குதும்பாங்க. போட்டோ எடுத்தா குனி, மறைக்குதும்பாங்க. அதான், யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சாரி சொல்லிடுறேன்."

அக்கா வேலியை நெருங்கி வந்தார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலைத் தணித்து, எனக்கே புதிதாக இருந்த ஒரு குரலில், "இங்க மறைக்கிறதுக்குத்தான்டி உன்ன நிக்க வச்சிருக்கு" என்றார்.

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். பெரிய மாற்றம் எதுவும் அங்கேயே நடந்துவிடவில்லை. பஸ் வந்தது, ஏறும்போது கண்டக்டரிடம் ஒரு சாரி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆனால் அந்த வாரம் நாளுக்கு ஏழு சாரி. அடுத்த வாரம் மூன்று. பிறகு அணித் தேர்வுக்கான ஆட்டம் வந்தது. தர்ஷினி நான்கு பந்துகளைத் தடுத்தாள். ஒரு சாரி இல்லை. பந்துக்காகப் பாய்ந்து, "என்னுது!" என்று கத்தியதில், மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து ஓடியது. அதே வேகத்தில் இடித்து, தள்ளி, முறைத்து, ஐந்து ஃபவுல் வாங்கி, மூன்றாம் கால் பகுதியிலேயே வெளியேற்றப்பட்டாள்.

கோச் ஆ செங் குதூகலத்தில் லாரிக்கே போனார். "அக்கா! கூட்டிட்டுப் போறேன்! பன்னண்டுல ஒன்னு இவதான்!"

அக்கா நோட்டை மூடினார். "இன்னும் ஆகல."

கோச்சின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "நீங்கதான அக்கா மூணு மாசமா என்கிட்ட சண்ட போட்டீங்க!"

"காய் இல்லன்னுதான் சொன்னேன். பழம்னு எப்ப சொன்னேன்?"

தர்ஷினி காதில் அது விழுந்துவிட்டது. அழுதுவிடுவாளோ என்று நான் பயந்தேன். அவள் நேராக வந்து, "என்ன கா கொற?" என்று கேட்டாள்.

"சாரி போன எடத்துல கோவம் வந்து உக்காந்திருக்கு. அதுவும் போகட்டும். அப்புறம்தான் ஆட்டம் வரும்."

தர்ஷினி சிரித்துவிட்டாள். அக்கா கொடுத்த கிரேடைக் கேட்டுச் சிரித்த முதல் ஆள் அவள்தான்.

கோச் அவளைக் கூட்டிப் போகத்தான் செய்தார். குளுவாங்கில் முதல் இரண்டு ஆட்டம் பெஞ்சிலேயே கழிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் மூத்த சென்டருக்குக் கணுக்கால் பிசகியது. எதிரணி அதே சிகாமட். அதே முழங்கை. கடைசி ஆறு நிமிடத்துக்கு தர்ஷினி உள்ளே போனாள்.

இரண்டாம் நிமிடமே முழங்கை விலாவில் இறங்கியது. நான் பென்சிலைக் கடித்தேன். தர்ஷினி சாரி சொல்லவில்லை. முறைக்கவும் இல்லை. மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே, முழு ஆறடி ஒரு அங்குலமாக நின்றாள். அடுத்த பந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்து கிளம்பிக் கூடையை நோக்கிப் போனபோது, நடுவில் தர்ஷினியின் உள்ளங்கை இருந்தது.

மேலே கேலரியிலிருந்து ஒரு குரல், "பழம்!" என்று அலறியது. பாதி அரங்கம் யாரோ தின்பண்டம் விற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது.

இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். அரையிறுதியில் நன்றாக அடி வாங்கித் திரும்பினோம். வேனில் ஏறும்போது கோச் கேட்டார்: "இப்ப ஒத்துக்குறீங்களா அக்கா?"

"இன்னிக்குப் பழம்" என்றார் அக்கா. "நாளைக்கு வந்துதான் பாக்கணும்."

போன வருடம் தர்ஷினி ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே அவளைப்போல உயரமான பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்களாம். அவளுடைய முதல் ஆட்டத்தைப் பார்க்க அக்கா லீவு போட்டார். அதற்குமுன் அவர் லீவு போட்டதாக ஆலையில் யாருக்கும் நினைவில்லை. அக்கா இல்லாத நாள் என்று தெரிந்து லாரிக்காரர்கள் அன்று கேட்டில் வரிசைகட்டி நின்றார்களாம். நானும் கூடப் போனேன். ஆட்டம் முழுக்க அக்கா நோட்டை எடுக்கவில்லை. முடிந்ததும் தர்ஷினி ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அக்காவின் தலை அவள் தோளுக்குக்கூட வரவில்லை. "வேர்வ நாறுது, போய்க் குளி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

மத்தியான ரயிலில் திரும்பினோம். சீட்டு சரியில்லை, ஏசி சரியில்லை, நான் வாங்கிவந்த நாசி லெமாக் சோற்றில் சம்பல் காரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குலாய் ஸ்டேஷன் வந்ததும் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். என் கை மரத்துப்போய்விட்டது. லாபிஸ் வரும்வரை நான் அசையவே இல்லை.