கழட்டியரும் லண்டன் கல்யாணமும்

கழட்டியரின் கை பட்ட பிறகும் முழுசாக இருந்த பொருள் என்று ஒன்றைக் கிளிநொச்சியில் நான் கண்டதில்லை. சந்திரன் இன்னும் வட்டமாக இருப்பதற்குக் காரணம், அது அவருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதுதான்.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில் நான் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். வாகனம், ஜெனரேற்றர், கணினி, கதிரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு, நாங்கள் கழட்டியர் என்று பெயர் வைத்திருந்த அந்த மனுசன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய கை அது. உதிரிப்பாகம் எதுவும் வவுனியாவைத் தாண்டி வராத நாட்களில், பழுதானதைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை ஓட வைத்தவர். பிறகு தடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அவருடைய சைக்கிளுக்கு மணி, மட்கார்ட், செயின் கவர், ஸ்டாண்ட் எதுவும் கிடையாது. மாரி காலத்தில் அவர் முதுகில் ஏறியிருக்கும் சேற்றைப் பார்த்தே எந்த ஒழுங்கையால் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அலுவலகச் சுவர்க் கடிகாரத்தின் செக்கன் கம்பியைக் கழற்றினார். "உது ஓடி ஓடி என்ன செய்யுது? நேரம் காட்டுறது மற்ற ரெண்டும்தானே" என்றார். பிரிண்டரில் கடதாசி சிக்குகிறது என்று மூடியையும் தட்டையும் கழற்றினார். அதன் பிறகு பிள்ளைக்குச் சோறு தீத்துவது போல ஒவ்வொரு தாளாக ஊட்ட வேண்டியிருந்தது. போய் முறையிட்டேன்.

"இப்ப சிக்குதோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

திரும்பி வந்து அடுத்த தாளை ஊட்டினேன். "கழட்டினால் ஒண்டில் ஓடும், இல்லாட்டி ஏன் ஓடேல்லை எண்டு தெரியும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்துக்குப் பரம எதிரி ஒருவர் இருந்தார். எங்களுக்குச் சமைத்துப் போட்ட பூமணி அக்கா. பகல் முழுக்கத் திறந்திருக்கிற கதவு எதற்கு என்று குசினிக் கதவைக் கழட்டியர் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டிலில் சாத்தியிருந்தார். அன்றிலிருந்து காகம், நாய், பக்கத்து வளவு ஆடு எல்லாம் குசினிக்குள் வந்து போயின. கழட்டியர் மட்டும் வரக்கூடாது என்று அக்கா அகப்பையோடு நின்றார். தேத்தண்ணீர்கூட அவருக்கு வேறொருவர் கையில்தான் போகும்.

அந்த நேரத்தில்தான் பூமணி அக்காவின் ஒரே மகனுக்கு லண்டனில் கல்யாணம் முற்றாகி நாளும் வைத்தார்கள். அக்காவுக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. மகன் யாரோ வந்தவர்களிடம் சின்னக் கமரா ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தான். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மடிக்கணினியில் அதைப் பூட்டி, மகன் தாலி கட்டுவதை அக்கா இங்கிருந்தே பார்க்கலாம் என்று மனேஜர் சொன்னார். "பிள்ளையைக் கண்டு ஒன்பது வருசம், தம்பி. தாலி கட்டுறதை மட்டும் கண்டால் காணும்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இணையத்துக்கு இருந்தது அந்த ஒரு கணினிதான். முதலில் இணையம் வயரில் வந்தது. காற்றில் அனுப்பும் பெட்டி வந்த அன்றே, "காத்தில வாறதுக்கு வயர் என்னத்துக்கு?" என்று கழட்டியர் வயரைக் கழற்றிவிட்டார். அந்த வயர் இப்போது பூமணி அக்காவின் வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடி.

கல்யாண நாள் வந்தது. அங்கே காலை, இங்கே பிற்பகல். அக்கா பட்டுச் சேலையில் கதிரையில் இருந்தார். கையில் தட்டு நிறைய, வாழ்த்திப் போட அறுகரிசி. நெருப்புப்பெட்டி அளவில் மகன் தலைப்பாகையோடு தெரிந்தான். "மெலிஞ்சு போனான்" என்று அக்கா சொல்லி முடிக்க முதல் படம் நின்றுவிட்டது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, தொடர்பு போய்விட்டது என்றது. பிறகு வந்துவிட்டது என்றது. மறுபடி போய்விட்டது என்றது. மகன் பாதி திறந்த வாயோடு அப்படியே இருந்தான். அங்கே ஐயரின் மந்திரம் யாருக்காகவும் நிற்கப் போவதில்லை.

கழட்டியர் குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் இருக்கினம். தொடர்பு பாக்கிற வேலை விண்டோசுக்குத் தெரியும். லப்ரொப் செய்தவன் தன்ர பங்குக்கும் அதே வேலைக்கு ஒரு புரோகிராமைப் போட்டு அனுப்பியிருக்கிறான். அவன் தேவையில்லை."

"கொம்பனிக்காரன் வைச்சு அனுப்பினதை நீர் தொடக்கூடாது. பிரிண்டரைக் கழட்டினது காணாதோ?" என்றார் மனேஜர்.

எல்லோரும் பிரிண்டரைப் பார்த்தோம். அது மூடியில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பூமணி அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, அதைக் கழட்டும்."

கழட்டியர் திரும்பிப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அவரிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மனேஜர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விலகி இடம் விட்டார்.

கழட்டியர் நாலைந்து தட்டுத் தட்டினார். நீக்கவா என்று கேட்டது. ஓம் என்றார். நிச்சயமாகவா என்று கேட்டது. "ஓமெண்டு சொல்லுறன்" என்று வாயாலும் சொன்னார். கணினி அணைந்து, ஆற அமர எழும்பி வந்தது. வந்த பிறகு விட்டுவிட்டு வந்த தொடர்புகூட இல்லை. அடியோடு ஒன்றுமே இல்லை.

அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டார். மனேஜர் மறுபடி பிரிண்டரைப் பார்த்தார். கழட்டியர் மட்டும், "ஏன் ஓடேல்லை எண்டு இப்ப தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். ஒன்றில் வெறுமையாக ஒரு சின்னச் சதுரம் கிடந்தது. விண்டோசே தொடர்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் அதில் ஒரு சரி போட்டிருக்க வேண்டும்.

"பாத்தியளே வேலையை. அந்தக் கொம்பனிக்காரன் எனக்கு முதலே இதைக் கழட்டிப்போட்டான்" என்றார். அவர் குரலில் அவ்வளவு ஆத்திரத்தை நான் கேட்டதில்லை. கழற்றக்கூடாததைக் கழற்றுகிற ஆட்கள் மேல் அவருக்கு எவ்வளவு வெறுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சரியைப் போட்டார். நான் அறிய அவர் ஒரு பொருளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது அதுவே முதல்.

தொடர்பு வந்தது. பிறகு அது போகவே இல்லை. கெட்டிமேளம் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள்ளால் தகரம் தட்டுவது போல வந்தது. மகன் குனிந்து தாலி கட்டினான். "கட்டிப்போட்டான், என்ர பிள்ளை கட்டிப்போட்டான்" என்று அக்கா எழும்பி அறுகரிசியை அள்ளித் திரைக்குப் போட்டார். நாங்களும் போட்டோம். மனேஜரும் போட்டார். எங்கள் அலுவலகம் அப்படிக் கை தட்டியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. விசைப்பலகைக்குள் போன அரிசியை எடுக்க எழுத்துகளையெல்லாம் கழற்றும் வாய்ப்பும் கழட்டியருக்கே கிடைத்தது. கடவுள் அன்று அவர் பக்கம் இருந்தார்.

அடுத்த நாள் காலை நான் போனபோது குசினிக்குக் கதவு இருந்தது. பிணைச்சல், கொண்டி எல்லாம் பூட்டி எண்ணெயும் போட்டிருந்தது. வெளியே கழட்டியர் நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு வரலாமோ அக்கா?"

"வாரும் தம்பி. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன்."

பிறகு அந்த அலுவலகமும் இல்லாமல் போய், நாங்களும் திக்குத் திக்காகப் போய்விட்டோம். இன்றைக்கும் புதுக் கணினி வாங்கினால், அதைச் செய்தவன் தன் பங்குக்குப் போட்டு அனுப்பியதைத் தேடிக் கழற்றுகிறேன். இப்போதெல்லாம் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த மனுசன் பக்கத்துக் கதிரையில் இருப்பது போல இருக்கும், அதற்காகத்தான்.