ஸ்டாம்ப் ஒட்டாத கடிதம்

கடிதத்தில் ஸ்டாம்ப் இல்லை. யெல்மர் முதலில் கவனித்தது அதைத்தான்.

"உங்கள் கம்பெனிப் பெயர் போட்ட பேனரின் கீழே நின்றுகொண்டு, விழாக் குழுவினர் முகத்தில் கரி பூசி, உதட்டைச் சிவப்பாகத் தடிக்க வரைந்து, கறுப்பர்கள் என்று சொல்லிக் குதிக்கிறார்கள். உங்கள் பெயர் அங்கே இருக்கும்வரை அந்தக் கரி உங்கள் கையிலும் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் பேனரை இறக்குங்கள். பார்த்துக்கொண்டிருப்போம்."

கையெழுத்தும் இல்லை. தபாலில் வராத கடிதம் மேசைமேல் இருக்கிறது என்றால், யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். யெல்மர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஃபிரீஸ்லாந்து மாகாணத்தின் அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் விளம்பரப் பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். புனித நிக்கோலஸும் அவருடைய கறுப்பு வேலைக்காரர்களாக வேடம் போட்டவர்களும் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுக்கும் விழாவுக்குப் பேனரும் மூவாயிரம் பொட்டலம் மசாலா பிஸ்கட்டும் கொடுக்க ஏற்பாடு செய்ததும் அவன்தான். அவன் வேலை நிரந்தரமா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். இன்று செவ்வாய்.

"கீழ எதைத் தேடுறே?"

யெல்மர் தலையை மேசையில் இடித்துக்கொண்டு எழுந்து, கடிதத்தின்மேல் உட்கார்ந்தான். பாக்கிங் பிரிவின் லுட்வினா, சாம்பிள் தட்டோடு நின்றிருந்தாள். கறுப்பினப் பெண்; பழைய டச்சுக் காலனியான சூரினாமிலிருந்து வந்து முப்பது வருஷம், இங்கே வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம்.

"பேனா விழுந்துடுச்சுக்கா."

"மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"லைட்டு அப்படி."

"வெள்ளிக்கிழமை பார்ட்டிக்குச் சீட்டு எடுத்தியா? யார் பேரு வந்துச்சு?"

வருஷா வருஷம் நடப்பதுதான். சீட்டில் வந்த ஆளுக்கு ஒரு பரிசு, அவரைக் கிண்டலடித்து ஒரு பாட்டு. என்ன எழுதினாலும் யாரும் கோபப்படக் கூடாது.

"சொல்லக் கூடாதுல்ல? போன வருஷம் நீங்க டைரக்டருக்கு எழுதினது இன்னும் காதுல நிக்குதுக்கா. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"எதைப் பத்தி எழுதியிருந்தேன்?"

யெல்மர் யோசித்தான். "எதுகை பிரமாதம்" என்றான்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு விழாக் குழுத் தலைவர் வீட்சேவுக்கு ஃபோன் போட்டான்.

"பேனரைக் கொஞ்சம் ஓரமா மாட்டலாமா? டாய்லெட் பக்கமா?"

"எவன் மிரட்டினான்?"

"யாரும் மிரட்டலீங்க."

"குரல் நடுங்குது. அப்ப மிரட்டியிருக்கான்."

மதியத்துக்குள் ஊரின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. கரி பூசிய முகத்தோடு வீட்சே, இரண்டு கையிலும் பிஸ்கட் பொட்டலம், தலைக்கு மேலே கம்பெனி பேனர். "மிரட்டலுக்கு அஞ்சாத எங்கள் பிஸ்கட் கம்பெனிக்கு நன்றி!" எண்ணூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

யெல்மர் கம்பெனி சார்பில் அவசரமாக ஒரு வரி எழுதிப் போட்டான்: "எங்கள் பிஸ்கட் எல்லோருக்கும் பொதுவானது."

ஒரு மணி நேரத்தில் ஒரு தரப்பு, "எல்லோரும்னா யாரு, அதோ அந்தக் கரி மூஞ்சியா?" என்று கேட்டது. மறு தரப்பு "கோழை" என்றது. இரண்டும் சரிதான்.

புதன்கிழமை ஆம்ஸ்டர்டாமிலிருந்து, அவர்களுடைய பிஸ்கட்டில் பாதியை வாங்கும் சூப்பர் மார்க்கெட் கூப்பிட்டது.

"ஃபோட்டோவுல இருக்கிறது உங்க கம்பெனிதானே?"

"அதே பேர்ல வேற கம்பெனியா இருக்கும் மேடம்."

"பேனர்ல இருந்த நம்பருக்குத்தான் இப்ப கூப்பிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. இல்லேன்னா அலமாரியில இருந்து எடுத்துடுவோம்."

இனி மறைக்க முடியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர் ஃபெம்கேவிடம் போனான். அவர் இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை பேர் இவங்க?"

"தெரியல மேடம். 'பார்த்துக்கொண்டிருப்போம்'னு இருக்கு. ஒருத்தருக்கு மேல."

"ஸ்டாம்ப்?"

"இல்ல."

ஃபெம்கே எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். "உள்ளயே வந்துட்டாங்க" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலம் வாசல் பூட்டை மாற்றினார்கள். மறுநாள் அறிக்கை போனது: முகத்தில் கரி பூசும் எந்தக் குழுவோடும் கம்பெனி இனி விளம்பரம் செய்யாது. சூப்பர் மார்க்கெட் நன்றி சொன்னது. பேனர் மட்டும் இன்னும், விழாக் குழு ஒத்திகை பார்க்கும் விளையாட்டுக் கூடத்தில் தொங்கியது.

"ஏற்பாடு பண்ணது நீ. நீயே போய் இறக்கு" என்றார் ஃபெம்கே.

வெள்ளிக்கிழமை யெல்மர் ஏணியின் உச்சியில் நின்றான். ஒத்திகைக்கு வந்த ஆறு பேர் கரி முகத்தோடு கீழே சுற்றி நின்றார்கள்.

"ஏணியைப் பிடிச்சுக்கவா, விட்டுடவா?" என்றார் வீட்சே.

"உங்க இஷ்டம்" என்றான் யெல்மர். அழுகை வந்தது.

வீட்சே பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஏணி கடைசிவரை ஆடியது. கயிற்றை அவிழ்க்கும்போது, ஆடுவது தன் கால்தான் என்று யெல்மருக்குத் தெரிந்தது.

சுருட்டிய பேனரோடு அவன் தொழிற்சாலை கேன்டீனுக்குள் நுழைந்தபோது பார்ட்டி தொடங்கியிருந்தது. ஃபெம்கே அவன் தோளைத் தட்டினார்.

"பெரிய பெரிய ஆளுங்க நம்மளக் கவனிக்கிறாங்க. நல்லவேளை, தப்பிச்சோம். உன் வேலை நிரந்தரம். அவங்க மறுபடி எழுதினா பிரிச்சுப் படிக்க ஒரு ஆள் வேணும்ல?"

யெல்மர் லுட்வினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் விழுந்தான். பேனரை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நிம்மதியாத் தூங்குவேன்கா. நாலே வரிதான். கம்பெனியே நடுங்கிப் போச்சு."

லுட்வினா பிஸ்கட்டை மென்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் டைரக்டருக்கு இதையேதான் எதுகையோட எழுதிப் படிச்சேன், எல்லாரும் கைதட்டினீங்க. அதான் இந்தத் தடவை எதுகையையும் என் பேரையும் எடுத்துட்டேன்."