பன்னிரண்டு தட்டுத் தேயிலையும் ஒரு மாம்பழ ஆவியும்

புகை பிடிக்கக் கூடாது என்று போர்டு எழுதி வைத்தவள் நான். அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்று மாட்டிக்கொண்டவளும் நானேதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டாலும், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். (அவர்கள் சொன்னால் ரெண்டு பங்கு சேர்த்துத்தான் சொல்வார்கள்.)

சில வருஷங்களுக்கு முன், சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை பேக்டரியில் எனக்கு வேலை. வருகிற டூரிஸ்டுகளுக்கு பேக்டரியைச் சுற்றிக் காட்ட வேண்டும். தேயிலை வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்தால், ருசி பார்க்கும் அறையில் தட்டும் கோப்பையும் எடுத்து வைக்க வேண்டும். எங்கள் அப்பா சுப்பையா அதே பேக்டரியில் டிரையர் ஓட்டிக்கொண்டிருந்தார். இலையைக் காயவைக்கும் அந்த மெஷின் முன்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். அதில் ஒரு நாள்கூட அவர் பேரில் மெமோ வந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

தேயிலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ருசி அறைக்குள் சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது, பூ வைக்கக் கூடாது, ஆரஞ்சு உரிக்கக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் டூரிஸ்டுகளிடம் ஒப்பிப்பதில் எனக்கு ஒரு போலீஸ் சுகம் இருந்தது. ஒருமுறை கல்யாணமாகி மூன்றே நாளான ஒரு பெண்ணின் தலையிலிருந்து முழம் மல்லிகையைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன். அவள் புருஷன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் இந்த வேப் என்கிற எலக்ட்ரானிக் சிகரெட் சாமான் மலையேறி வரத் தொடங்கியது. நெருப்பில்லை, சாம்பலில்லை, வீசி எறிய அடிக்கட்டையும் இல்லை. பேனா மாதிரி எடுப்பார்கள், வாயில் வைப்பார்கள், மேகம் வரும். அதை வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு மரியாதை முறையும் உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஒருத்தர் சட்டைக் காலரைத் தூக்கி உள்ளுக்குள் ஊதுவார். ஒருத்தர் தோள்பையின் ஜிப்பைத் திறந்து பைக்குள் ஊதி உடனே மூடிவிடுவார். (பிறகு அந்தப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நமக்கும் நீட்டுவார்.) நெடுநேரம் மூச்சை அடக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது என்று நம்பி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும்வரை நின்றவரும் உண்டு.

ஒரு நாள் மதியம், சென்னையிலிருந்து வந்த ஒரு பையன், முப்பது வயதிருக்கும், ருசி அறை வாசலிலேயே ஊதினான். நான் போர்டைக் காட்டினேன்.

"புகை பிடிக்கக் கூடாதுன்னுதானே மேடம் போட்டிருக்கு? இது புகை இல்ல, ஆவி. இட்லிச் சட்டியில வருதே, அது மாதிரி" என்றான்.

போர்டு எழுதியவளுக்கே பதில் தெரியாதது பெரிய அவமானமாக இருந்தது. மேனேஜரிடம் ஓடினேன். அவர் பைலிலிருந்து தலையைத் தூக்காமல், "அதை விக்கிறதே இந்த நாட்டுல குற்றம். வாங்கி வச்சிட்டு, போகும்போது குடு" என்றார்.

வாங்கினேன். அவன் போகும்போது கேட்க மறந்தான், நான் கொடுக்க மறந்தேன். மஞ்சள் நிறத்தில், பெரிய மார்க்கர் பேனா போல, மேலே ஒரு மாம்பழப் படத்தோடு அது என் மேஜை டிராயரில் தங்கிவிட்டது.

மறுநாள் காலை, கொச்சியிலிருந்து வர்கீஸ் சார் வருவதாக இருந்தது. ஒரு பெரிய கம்பெனிக்குத் தேயிலை ருசி பார்த்துச் சொல்பவர். அவர் தலையசைத்தால் அந்த மாதத்துச் சரக்கு முழுவதும் போகும். நான் சீக்கிரமே வந்து டப்பாக்களைத் திறந்து, பன்னிரண்டு ரகத் தேயிலையையும் பன்னிரண்டு தட்டில் கொட்டி வரிசையாக வைத்தேன். வேலை முடிந்தது. அவர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மனுஷனுக்குக் கெட்ட புத்தி வருவதற்கு அரை மணி நேரமே அதிகம்.

டிராயரைத் திறந்தேன். ஒரே ஒரு இழுப்பு, அதுவும் அந்தப் பையன் சொன்னது சரியா என்று பரிசோதிக்கத்தான் என்று எனக்கு நானே பெர்மிஷன் கொடுத்துக்கொண்டேன். வாயில் வைத்து இழுத்ததும் அடியில் குட்டியாக ஒரு லைட் எரிந்தது. படம் பிடிக்கிறதோ என்று பயந்து கையால் பொத்தினேன். அடுத்த நொடி தொண்டைக்குள் யாரோ இருமல் மருந்தையும் மாம்பழத்தையும் சேர்த்து அரைத்து ஊற்றியது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட இருமினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேகம் வரவில்லையே. வாங்கிய பொருள் வேலை செய்யாத மாதிரி ஒரு ஏமாற்றம். இரண்டாவது இழுத்தேன், கொஞ்சம் வந்தது. மூன்றாவது இழுத்தபோது, ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சென்னைப் பையன் போலத் தலையைச் சாய்த்து ஊதினேன். பிரமாதமான மேகம். அது மிதந்து போய்ப் பன்னிரண்டு தட்டின் மேலும் பந்தி விரித்த மாதிரி இறங்கியது.

அதே நேரம் வெளியே ஜீப் சத்தம். வர்கீஸ் சார் கிட்டத்தட்ட அரை மணி நேரம் முந்தி வந்துவிட்டார்.

ஜன்னலைத் திறந்தேன். எங்கள் ஊர் மூடுபனியைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். உள்ளே இருந்தது வெளியே போகவில்லை, வெளியே இருந்தது உள்ளே வந்தது. துப்பட்டாவைச் சுழற்றி விசிறினேன். ஒரு தட்டு ஆடிப் பாதித் தேயிலை மேஜையில் சிந்தியது. அள்ளிப் போட்டேன். சாமானைச் சுடிதார் பையில் திணித்துக்கொண்டு, போர்டுக்குக் கீழே போய்க் கைகட்டி நின்றேன்.

வர்கீஸ் சார் உள்ளே வந்தார், பின்னாலேயே மேனேஜர். சார் முதல் தட்டில் ஒரு பிடி எடுத்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடினார். மூடிய கண் ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இதில ஒரு பழத்தின்டெ மணம் உண்டல்லோ" என்றார்.

மேனேஜர் முகத்தில் சூரியன் உதித்தது. "நம்ம மண்ணு அப்படி சார்" என்றார்.

சார் இரண்டாவது தட்டை முகர்ந்தார். மூன்றாவது, நான்காவது. கடைசித் தட்டில் இருந்தது டஸ்ட். தூளிலும் தூளான மட்ட ரகம். அதையும் முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாங்ஙா. எல்லாத்திலயும் மாங்ஙா. அதும் மூவாண்டன். நான் வளர்ந்த வீட்டு முற்றத்தில நின்ன மாமரம். எனிக்குத் தெற்றாது." (மூவாண்டன் ஒரு கேரள மாமர ஜாதி; மலையாளத்தில் தெற்றாது என்றால் தப்பாது.)

மேனேஜரின் சூரியன் அஸ்தமித்தது. தேயிலையில் வேறு வாசனை ஏறிவிட்டால் சரக்கு முழுவதும் தங்கிவிடும். "டிரையர்ல நேத்து யாரு?" என்றார். யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா வருவதற்குள் வர்கீஸ் சார் முதல் தட்டு இலையைக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தார். அப்பா தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சுப்பையா, டிரையர் பக்கத்துல யாராச்சும் மாம்பழம் வச்சாங்களா?"

"மாம்பழமா? இது சீசன் இல்லையே சார்" என்றவர் சட்டென்று நின்றார். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் எங்கே தப்பு நடந்தாலும் முதலில் தன் பையைத் தடவிப் பார்ப்பார்.

"சார், ஒண்ணு சொல்லணும். நேத்து மத்தியானச் சோத்துக்கு மாங்கா ஊறுகா கொண்டாந்திருந்தேன். டப்பா மூடி கொஞ்சம் லூசு. ஜன்னல்லதான் வச்சிருந்தேன். அதுவாத்தான் இருக்கும்."

"இருபத்தெட்டு வருஷம் வேலை பாக்குற ஆளு, ஊறுகாயைக் கொண்டாந்து டிரையர்கிட்ட வைக்கலாமா? மெமோ குடுக்காம என்ன பண்ண?" என்றார் மேனேஜர்.

"குடுங்க சார். தப்புதான்" என்றார் அப்பா. துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அந்தத் துண்டைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அந்த மஞ்சள் சாமானை எடுத்து, பன்னிரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தேன்.

"ஊறுகா இல்ல சார். நான்தான்."

வர்கீஸ் சார் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எந்தா இது, பேனாவா?" என்று மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் விழுந்துவிட்டது. மூவாண்டன் என்று ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொல்லிவிட்டோமே என்கிற துக்கம். என்னுடைய குற்றத்தைவிட அதுதான் அந்த அறையில் பெரிய துக்கமாக இருந்தது.

மேனேஜர் தலைக்கு மேலிருந்த போர்டைக் காட்டினார். "இதை எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"படிக்கத் தெரியாதா?"

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "புகைன்னுதான் சார் போட்டிருக்கு. இது ஆவி."

அப்போதுதான் முதல் கோப்பைத் தேநீரை உறிஞ்சி வாயில் வைத்திருந்த வர்கீஸ் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருசி பார்ப்பவர்கள் தேநீரை விழுங்க மாட்டார்கள், பக்கத்துத் தொட்டியில் துப்புவார்கள். அன்று தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் மேனேஜரின் வெள்ளைச் சட்டை இருந்தது.

சார் சிரித்ததால்தான் பிழைத்தேன். மூடிய மூட்டைகளிலிருந்து புதிதாகச் சாம்பிள் எடுத்து வரச் சொன்னார். வேறு அறையில் வைத்து ருசி பார்த்தார். தேயிலை, தேயிலை மாதிரியே இருந்தது. சரக்கு போனது. அப்பாவுக்கு மெமோ இல்லை. எனக்கு உண்டு. அதோடு மூன்று மாதம் ருசி அறைப் பக்கமே போகாமல், பேக்டரி வாசலில் டூரிஸ்டுகளின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உண்டு.

சாயங்காலம் லயத்துக்கு நடந்தோம். வாட்டர் டேங்க் வளைவு தாண்டியபிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி இசக்கி, எப்படித்தான் இருந்துச்சு அது?"

"இருமல் மருந்து மாதிரிப்பா."

"இதுக்கா அம்புட்டும்?" என்றார். பத்தடி தள்ளிப் போய், ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது, நான் கொண்டுபோன டீயை அப்பா முதலில் எடுத்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "குடிக்கலாம். ஒண்ணும் ஏறல" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று அவர்கள் கேட்க, அம்மா முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டிலும் நான் டீ போட்டால் மாமனார் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். ஜீப் ஓட்டும் என் புருஷன் முகர்ந்துவிட்டு, "டஸ்ட்லகூட இல்ல" என்பார்.

இப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. போன வாரம் டம்ளரில் பால் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகே வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பால் குடிப்பதற்கு அதுதான் முறை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.